சீட்டின் இரண்டாவது வரி

கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டில் இரண்டு வரிகள் இருந்தன. நான் வீட்டில் படித்துக் காட்டியது ஒரு வரி.

இதை இதுவரை ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறேன். முப்பத்துநான்கு வருஷம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு எழுதியவன் நான். எதையும் முன்விவரம், விதி, பரிசீலனை, முடிவு என்று நான்கு பத்தியாக எழுதத்தான் கை போகும். இதையும் அப்படி எழுதப் பார்த்து மூன்று முறை கிழித்துப் போட்டேன். முடிவு என்ற பத்தியில் மேலிடத்தின் ஆணைக்குக் காத்திருப்பதாக எழுதித் தப்பித்துக்கொள்வது எங்கள் வழக்கம். இந்த விஷயத்தில் மேலிடமும் நானேதான்.

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரின் பெயர் மெட்ராஸிலிருந்து சென்னை என்று மாறிய சமயம். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மந்தைவெளியில் ஒரு சிறிய தெருவில் வீடு. மகன் பம்பாயில் வேலையாக இருந்தான். வீட்டில் நானும் மனைவியும். அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்த காய்ச்சல் ஒன்று இருதயத்தின் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. ஐம்பது வயதுவரை அது அவளைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. அதன் பிறகு மாடிப்படி போயிற்று, குனிந்து கோலம் போடுவது போயிற்று, கபாலீஸ்வரர் கோயிலுக்கு நடந்து போவது போயிற்று. ஒவ்வொன்றாக, யாருக்கும் முன்னறிவிப்புக் கொடுக்காமல். இருதய மருத்துவர் ஒன்றைத்தான் விட்டுவைத்திருந்தார். தினம் பத்து நிமிஷம், சமதரையில், மெதுவாக நடக்கலாம்.

எங்கள் வீட்டிலிருந்து தெரு மூலைக்கு இருபத்திரண்டு வீடு. மூலையில் பேருந்து போகும் சாலை. அங்கே பூவரச மரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி நிற்கும். வண்டிக்காரிக்கு நாற்பது வயதிருக்கும். தெருவில் யார் யாருக்குக் கல்யாணம், யார் யாருக்கு இன்டர்வியூ என்பதைச் சட்டை வருவதை வைத்தே சொல்லிவிடுவாள். அவளுடைய வண்டிக்கு அடியில் படுத்திருந்த தெருநாய் அந்த வருஷம் தீபாவளி மழையில் நான்கு குட்டி போட்டது. ஒரே வாரத்தில் இரண்டு குட்டிகள் இரத்தமாகப் போய் இறந்தன. ஒன்றை இளநீர்க்காரர் எடுத்துக்கொண்டு போனார். மிஞ்சிய ஒன்று, ஒரு நாள் மழைக்கு நடுவே, இருபத்திரண்டு வீட்டையும் தாண்டி எங்கள் கேட்டுக்கு அடியில் நுழைந்து வந்தது.

"ஏன்னா, இங்க வாங்கோளேன். யாரோ வந்திருக்கா."

நான் போய்ப் பார்த்தேன். வராந்தாவில் செருப்புக்குப் பக்கத்தில், ஈரக் கால்மிதி மாதிரி ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"யாரைக் கேட்டுண்டு உள்ள விட்டே?"

"அது யாரையும் கேக்கலை. நேரா வந்துடுத்து. நீங்க வேணா நோட்டீஸ் குடுங்கோ."

எங்கள் வீட்டில் நாய் வளர்ந்ததில்லை. தொட்டால் குளிக்க வேண்டும் என்ற வளர்ப்பு அவளுடையது. முதல் நாள் வராந்தாவோடு சரி என்றாள். இரண்டாம் நாள் கூடத்து வாசற்படி வரை. நான்காம் நாள் நான் குளித்துவிட்டு வந்தபோது அவளுடைய பழைய நூல் புடவை கூடத்தில் நாலாக மடித்துப் போடப்பட்டிருந்தது. அதன் மேல் குட்டி தூங்கியது. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. குட்டி என்றே கடைசிவரை.

அந்த இரண்டு குட்டிகள் இறந்தது எனக்கு உறுத்தியது. அடையாறில் வீட்டிலேயே வைத்தியம் பார்க்கும் ஒரு கால்நடை மருத்துவரிடம், காய்கறிக் கூடையில் துண்டு விரித்து உட்கார வைத்து, ஆட்டோவில் கொண்டுபோனேன். ஊசி போட்டார். இன்னும் இரண்டு ஊசி, நான்கு வாரத்துக்கு ஒன்று என்று ஓர் அட்டையில் தேதி குறித்தார். இரத்தமாகப் போகும் அந்த நோய் தெரு மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும் என்றார். பிறகு ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதினார். மருத்துவர்களின் ஆங்கிலம். என் மனைவிக்கு அச்சில் இருந்தால் ஓடும், அந்தக் கிறுக்கல் ஓடாது.

முதல் வரி: கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை குட்டியைத் தெருத் தரையில் விடக் கூடாது.

இரண்டாவது வரி: அதுவரை தினமும் கையில் தூக்கிக்கொண்டு வெளியே போய், வண்டிச் சத்தம், ஜன நடமாட்டம் எல்லாவற்றையும் காட்டிப் பழக்கவும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "என்ன சொன்னார்?"

"பிப்ரவரி பாதிவரைக்கும் வெளில கொண்டுபோகப்படாதாம்."

என் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லா விதிக்கும் கீழே ஒரு விலக்கு இருக்கும். மனுதாரரே அதைத் தேடிப் பிடித்து, எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால் கொடுப்போம். கேட்காதவரிடம் நாங்களாகச் சொல்லமாட்டோம். இப்படிச் செய் என்று எந்தக் கையேட்டிலும் எழுதியிருக்காது. சேர்ந்த முதல் வாரத்தில் பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதான். விலக்கு உண்டு என்று ஒருவரிடம் சொன்னால் நாளைக்கு நூறு பேர் வருவார்கள், தவறு நடந்தால் சொன்னவன் தலை உருளும், சொல்லாதவனை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. நான் நல்ல அதிகாரி என்று பெயர் எடுத்தவன். என்னிடம் ஒரு விளக்கக் கடிதம்கூடக் கேட்கப்பட்டதில்லை.

அன்று அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபோது நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். யோசித்தேன். குட்டியைத் தூக்கிக்கொண்டு இவள் தெருவில் நடந்தால் மூச்சு வாங்கும் என்று யோசித்தேன். இது பதிவேட்டுக்கான காரணம். என் மனைவி ஒரு தெருநாய்க் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போவதை, என்னைப் பார்த்தால் எழுந்து நின்று பழகிய தெரு, வாசலில் நின்று பார்க்கும் என்றும் யோசித்தேன். இதை எந்தப் பதிவேட்டிலும் எழுதவில்லை.

அவள் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். மார்கழி பிறந்திருந்தது. காலை ஏழு மணி வாக்கில் குட்டியைக் கூட்டிக்கொண்டு மூலைவரை நடக்க வேண்டும். வழியில் இருபத்திரண்டு வீட்டுக் கோலத்தையும் பார்க்க வேண்டும். மூலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேருந்து போவதைக் குட்டிக்குக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

"முப்பது வருஷமா இந்தத் தெருவுல இருக்கேன். கோயிலுக்குப் போயிருக்கேன், ரேஷனுக்குப் போயிருக்கேன், உங்க அம்மாவுக்கு மருந்து வாங்கப் போயிருக்கேன். சும்மா போனதே இல்லைன்னா. நான் தனியா சும்மா நடந்தா எங்க போறேள்னு நாலு பேர் கேப்பா. நாய் இருந்தா யாரும் கேக்கமாட்டா, பாருங்கோ."

"இப்போ முடியாது. விதி இருக்கு."

"டாக்டராத்துக்கு மட்டும் கூடையில போச்சே?"

"அது அலுவல் நிமித்தம்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல பதிலாகப் பட்டது. இப்போது நினைத்தால், அந்த ஒரு கேள்வியில் அவள் விலக்கின் வாசல்வரை வந்துவிட்டாள். கூடையில் போகலாம் என்றால் கையிலும் போகலாம் என்று அடுத்த கேள்வியை அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டாள். மனுதாரர்கள் எல்லாரும் அப்படித்தான் நம்பிவிட்டுப் படியிறங்கிப் போவார்கள்.

பதிலுக்கு அவள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். காலையில் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். கம்பி இடுக்கு வழியாக எதிர்வீட்டுக் கோலம் பாதி தெரியும். துணி எடுக்க வரும் இஸ்திரிக்காரி கேட்டில் சாய்ந்துகொண்டு அவளோடு பேசுவாள். ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா சார் இது, ரோட்ல பொறந்த நாய்க்கு ரோடு ஆவாதா? கவர்மென்ட் ஆர்டரா?"

"டாக்டர் ஆர்டர்."

"மன்சன் டாக்டரா, மாட்டு டாக்டரா? இத்தோட ஆத்தா அங்க வண்டிக்கடியில குந்திகினு கீது. பொண்ணு இங்க மடியில குந்திகினு கீது. ஜாதகம் அப்டி."

"மத்த ரெண்டு குட்டி என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் முகம் சட்டென்று மாறியது. அந்த இரண்டையும் புதைத்தவள் அவள்தான். "அத்த சொல்லாத சார்" என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். விவாதத்தில் ஜெயித்த திருப்தியோடு நான் செய்தித்தாளைப் பிரித்தேன்.

மார்கழி முடியப்போகும் சமயம் ஒரு நாள் அவள் கேட்டாள். "கோலமெல்லாம் பொங்கலோட முடிஞ்சுடும். ஒரே ஒரு நாள், போயிட்டு உடனே வந்துடலாமா?"

"மார்கழி அடுத்த வருஷமும் வரும்."

நிதி ஒதுக்கீடு இல்லாத எல்லா மனுவுக்கும் நாங்கள் எழுதும் பதில் இது. அடுத்த ஆண்டில் பரிசீலிக்கப்படும்.

பொங்கல் கழிந்த ஐந்தாம் நாள் காலையில் அவளுக்கு மூச்சு முட்டியது. கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. மருத்துவமனையில் சேர்த்தோம். பம்பாயிலிருந்து மகன் வந்துவிட்டான். மூன்றாம் நாள் மத்தியானம் மூக்கிலிருந்த குழாயை ஒரு விரலால் நகர்த்திக்கொண்டு கேட்டாள்.

"மூணாவது ஊசி எப்போ?"

"அடுத்த வெள்ளிக்கிழமை."

"மறந்துடாதீங்கோ. அப்புறம் ரெண்டு வாரம்தானே?"

"ரெண்டு வாரம்தான்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பட்டது. சொன்னதால் அவளுக்கு ஒன்றும் கெட்டிருக்காது. அவள் எதன்மீதும் கோபம் இல்லாமல் போக வேண்டுமே என்று இருந்தேன். எதன்மீதும் என்று எழுதுகிறேன். என்மீது என்று எழுதியிருக்க வேண்டும். மறுநாள் விடிந்து வெயில் ஏறியபின், மகன் காபி வாங்கப் போயிருந்தபோது போய்விட்டாள்.

ஊசி போட வேண்டிய வெள்ளிக்கிழமை எங்கள் தீட்டு நாட்களுக்குள் வந்தது. சாஸ்திரிகள் எழுதிக்கொடுத்த பட்டியல் ஒரு கையில், நாயின் அட்டை ஒரு கையில். அந்தப் பத்து நாளும் பிறர் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? எல்லாம் தெரியும். ஐந்து நாள் தாடியோடு கூடையை எடுத்தேன்.

"இந்த நேரத்துல நாய்க்கு ஊசியாப்பா?" என்றான் மகன்.

"தேதி போட்டிருக்கு" என்றேன். 

மருத்துவர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்.  ஊசி போடும்போது வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. குட்டி மேஜையிலேயே சிறுநீர் கழித்துவிட்டு என் கைக்குள் தலையைச் செருகிக்கொண்டது. அவர் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தூக்கிட்டுப் போய் வெளியில காட்டினீங்களா சார்? எழுதியிருந்தேனே."

"வசதிப்படலை."

"பரவாயில்லை. ஆனா அந்த வயசு தாண்டிடுச்சு. இனிமே கொஞ்சம் கஷ்டப்படும்."

இரண்டு வாரம் கழித்து, சீட்டின் முதல் வரிக் கணக்குப்படி, குட்டிக்குத் தெருவில் நடக்கத் தகுதி வந்தது. மகன் ஊருக்குப் போய்விட்டிருந்தான். காலை ஏழு மணிக்குக் கழுத்துப்பட்டையையும் கயிற்றையும் மாட்டிக் கேட்டைத் திறந்தேன். குட்டி வாசற்படியில் வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துவிட்டது. கூப்பிட்டேன். இழுத்தேன். இழுத்தால் நகராத கோப்பு எதுவும் என் அனுபவத்தில் இல்லை. கழுத்து இறுகி இருமியது. அந்த நேரம் பார்த்துக் கால்வாய்க் கரையில் பறக்கும் ரயில் வேலைக்குப் போகும் லாரி ஒன்று எங்கள் தெருவில் நுழைந்தது. குட்டி ஊளையிட்டபடி, கயிற்றோடு என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஓடியது. முழங்கை சிராய்த்தது.

ஒரு வாரம் இதே கதை. இஸ்திரிக்காரி மூட்டையோடு வந்து நின்று பார்த்தாள்.

"சார் சார், இன்னா இழுக்கற நீ! கழுத்து அந்துடப் போவுது. பயந்துகினு கீது, தெர்ல?"

"பழகணுமே?"

"பயத்த கவுத்துல கட்டி இழுத்தா பழகுமா? நீ குந்து சார் அத்தோட. அது எப்ப எய்ந்துக்குதோ அப்ப எய்ந்துக்க."

உட்கார்ந்தேன். வாசற்படியில் இல்லை, வாசலுக்கு வெளியே, தெருத் தரையில், வேட்டியை மடக்கிக்கொண்டு. எதிர்வீட்டுக்காரர் பால் பையோடு வந்தவர் ஓடிவந்தார். "என்ன சார், விழுந்துட்டேளா?"

"இல்லை. உக்காந்திருக்கேன்."

"ஓஹோ" என்று போனார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க, மனைவி போனதிலிருந்து அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது என்று செய்தி பரவியது. அது உண்மைதான் என்பதால் நான் மறுக்கவில்லை.

கழுத்துப்பட்டையை விட்டேன். மூலையில் உட்காரும் செருப்புத் தைப்பவரிடம் என் பழைய அலுவலகப் பையின் நாடாவைக் கொடுத்து, மார்போடு சேர்த்துக் கட்டுகிற மாதிரி ஒன்று தைத்து வாங்கினேன். இழுத்தாலும் கழுத்தில் பிடிக்காது. குட்டிக்கு எது பயம் என்று ஒரு நோட்டில் எழுதினேன்: லாரி, பிரஷர் குக்கர் விசில், குடை விரிப்பது, பூக்காரியின் குரல், தலையில் எதையாவது சுமந்து வரும் யாரும். எல்லாமே ஒரு குட்டி இரண்டாவது மாதத்தில் யாருடைய கையிலாவது இருந்துகொண்டு பார்த்துச் சலித்திருக்க வேண்டியவை. நோட்டில் எழுதிக்கொண்டே போனபோது பட்டியல் முழுவதும் அந்த இரண்டாவது வரியின் விரிவுரையாகத்தான் வந்தது.

பிறகு ஒரு நாள், வேறு வழி தெரியாமல், குட்டியைத் தூக்கிக்கொண்டேன். அதற்குள் மூன்றரை மாதம் தாண்டியிருந்தது. ஆறு கிலோவுக்குக் குறையாது. காலெல்லாம் என் வயிற்றுக்குக் கீழே தொங்க, ஒரு மூட்டையை அணைத்த மாதிரி கேட்டைத் தாண்டி நடந்தேன். ஐந்து வீடு. குட்டி என் தோளில் முகத்தைப் புதைத்து நடுங்கியது. ஒரு சைக்கிள்காரர், "குட்டிக்குக் கால் இல்லியா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள். எந்தப் பார்வைக்குப் பயந்து அந்தச் சீட்டை மடித்தேனோ அதே பார்வை. வந்தது, என்மேல் பட்டது, போய்விட்டது. அதில் ஒன்றுமே இல்லை.

மறுநாள் எட்டு வீடு. அதற்கு அடுத்த நாள் பன்னிரண்டு. லாரி வந்தால் திரும்பிக்கொண்டு சுவரோரமாக நின்று, காதோரம் ஏதாவது பேசுவேன். எனக்குப் பேசத் தெரிந்தது நிதி விதித்தொகுப்புதான். அதைச் சொன்னேன். குட்டிக்கு எதுவானாலும் சரி, குரல் ஒரே சீராக இருந்தால் போதும். பையில் ஒரு பிஸ்கட்டை உடைத்து வைத்திருப்பேன். லாரி போனதும் ஒரு துண்டு. பத்தாவது நாள் லாரி வரும் சத்தம் கேட்டதும் குட்டி லாரியைப் பார்க்காமல் என் பையைப் பார்த்தது.

பதினோராம் நாள் நடுவழியில் கீழே விட்டேன். நின்றது. ஒரு விளக்குக் கம்பத்தை முகர்ந்தது. பிறகு நடந்தது.

இப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் யாராவது குட்டி வாங்கினால் என்னிடம் வந்து கேட்கிறார்கள். வெயில் ஏறுவதற்கு முன் போங்கள், புறங்கையைத் தார் ரோட்டில் வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும், குப்பைத்தொட்டிப் பக்கம் எலும்பு கிடக்கும், வேறு நாய்களின் எல்லையில் நிற்காதீர்கள், முகர்வதை அவசரப்படுத்தாதீர்கள், அதற்கு அதுதான் செய்தித்தாள் என்று எல்லாம் சொல்கிறேன். ஆனால் முதலில் சொல்வது இரண்டாவது வரியைத்தான். கேட்காதவர்களிடமும் சொல்கிறேன். ஒருவர் தன் மனைவியிடம், "கிழவர் வழிமறிச்சுச் சொல்றார்" என்று சொன்னது என் காதில் விழுந்தது.

அந்தப் பதினோராம் நாளுக்குத் திரும்புகிறேன். தூக்கிக்கொண்டு போனது பத்து நாள். மார்கழியில் முப்பது நாள் இருந்தன. அவளுக்கு மூச்சு வாங்கும் என்றால் நான் தூக்கியிருக்கலாம். அவள் கையை வீசிக்கொண்டு பக்கத்தில் நடந்திருப்பாள். இந்த யோசனை எனக்கு எட்டாம் வீட்டுக்கு எதிரே, நடந்துகொண்டிருக்கும்போது வந்தது. விலக்கு இருப்பது தெரியும், அதற்கும் மேலே இப்படி ஒரு சுலபமான வழி இருந்தது தெரியவில்லை. நான் நிற்க, குட்டியும் நின்றது.

மூலையை அடைந்தது ஒரு பங்குனிக் காலையில். குட்டியின் தாய் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, தெரிந்த ஆள் இல்லை என்பதுபோல மறுபடி போய்ப் படுத்துக்கொண்டது. இஸ்திரிக்காரி பெட்டியைச் சட்டென்று நிமிர்த்தி வைத்தாள்.

"தோ பார்றா! வந்துட்ச்சா? அடி என் ராஜாத்தி! நடந்தா சார் வந்துச்சு, மொத்த ரோடும்?"

"நடந்துதான்."

"அம்மா இருந்து பாக்கணும் சார் இத்த."

 அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கரிச் சூடு என்று வைத்துக்கொண்டேன்.

"டெய்லி சொல்வாங்க கேட்டாண்ட. இன்னும் முப்பத்தாறு நாளு, இன்னும் முப்பத்தஞ்சு நாளுன்னு. ஊசி போட்டதும் இட்டுக்கினு வரேன், உன் வண்டியாண்ட குந்த எடம் வையின்னாங்க. கடைசியா சொல்லசொல்ல இருவத்திமூணுன்னாங்க. நாங்கூட எங்கூட்லேர்ந்து எடுத்தாந்து வெச்சேன். தோ, கீது பாரு."

வண்டிக்குப் பின்னால், மரத்தை ஒட்டி, ஒரு முக்காலி இருந்தது. பச்சை வர்ணம் அடித்தது. சட்டை கொடுக்க நானே எத்தனையோ முறை வந்திருக்கிறேன். அந்த முக்காலியின் மேல் ஒரு துணிகூட வைக்காமல் காலியாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை.

அப்போதுதான் சொன்னேன். ஏன் அவளிடம் என்று தெரியவில்லை. கணக்கைத் தெரிந்து வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

"அத்தனை நாள் காத்திருக்க வேண்டியதே இல்லை. தூக்கிண்டு வரலாம்னு டாக்டர் எழுதியிருந்தார். தரையில விடக் கூடாதுன்னுதான் சொன்னார்."



"தூக்கிக்கினு வர்லாமா?"

"வரலாம்."

"அம்மாக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உனக்கு?"

"தெரியும்."

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப இன்னாத்துக்கு சார் சொல்லல?"

முப்பத்துநான்கு வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. கேட்பதற்கு அவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே. அவள் மூச்சு, தெருவின் பார்வை, பக்கத்து நாற்காலிக்காரரிடம் கற்ற பழக்கம் என்று உள்ளே எல்லாப் பதிலும் வரிசையாக நின்றன.  அவள் பதிலுக்கு நிற்கவில்லை. ஒரு வெள்ளைச் சட்டையை விரித்துத் தண்ணீர் தெளித்தாள். பெட்டியை அழுத்தித் தேய்த்தாள், தேவைக்கு அதிகமாகவே அழுத்தி. காலர் முடிந்து கை மடித்தபின், என்னைப் பார்க்காமல், காலால் அந்த முக்காலியை என் பக்கம் நகர்த்தினாள்.

"குந்து சார். வந்துட்ட இல்ல."

நான் உட்காரவில்லை. அது என் பெயரில் ஒதுக்கப்பட்ட இடம் இல்லை. குட்டி போய் முக்காலிக்கு அடியில் சுருண்டு, முன்னங்கால்மேல் தாடையை வைத்துக்கொண்டது. அடையாறு பக்கம் போகும் பேருந்து ஒன்று வந்து நின்று, ஆட்களை இறக்கி ஏற்றிக்கொண்டு, கறுப்புப் புகையோடு கிளம்பியது. குட்டி ஒரு காதை மட்டும் தூக்கிப் பார்த்துவிட்டு மடித்துக்கொண்டது. அடுத்த பேருந்து வரும்வரை நின்றேன். அதற்கு அடுத்ததற்கும்.